பதினோரு மணி இன்டர்வியூவும் தாய்மாமன் சீரும்

அன்றைக்கு எங்கள் தெருவுக்குள் யானை மட்டும்தான் வரவில்லை. அதற்குப் பதிலாகக் ‘குட்டியானை’ வந்தது. அதுதான்... நான்கு சக்கரச் சின்ன சரக்கு வண்டி. அதன் முதுகில் ஆளுயர ஸ்பீக்கர்கள். அதற்குப் பின்னால் செண்டை மேளம். அதற்கும் பின்னால் கழுத்தில் மாலையோடு ஓர் ஆட்டுக்கிடா. மொத்தக் கூட்டத்திலும் அமைதியாக நடந்து வந்தது அது ஒன்றுதான்.

காலை பதினோரு மணி தாண்டியிருந்தது. வீட்டுக்குள் என் மனைவி கலைச்செல்வி, பல வருடங்களுக்குப் பிறகு முதன்முதலாக ஒரு வேலைக்கான ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள்.

டமார்!

இருங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு விதிகளில் நம்பிக்கை அதிகம். தலைவிதி அல்ல. அன்றாட வாழ்க்கையின் விதிகள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் எந்த வீட்டிலும் தவறாது.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோக எத்தனையோ நாள் இருக்கிறது. ஆனால் விருந்தாளி இரண்டாவது தோசைக்குக் காத்திருக்கும்போதுதான் தீரும். நீங்கள் ஏறி உட்கார்ந்துவிட்ட ஷேர் ஆட்டோ, இன்னும் ஒரே ஓர் ஆளுக்காக நின்றுகொண்டே இருக்கும். நீங்கள் ஓடி வந்து பிடிக்கப் பார்க்கும் ஷேர் ஆட்டோ உங்களுக்கு முந்தைய ஆளோடு நிறைந்துவிடும். கிரைண்டர் ரிப்பேர் என்று ஆளைக் கூட்டி வந்தால், அவர் சுவிட்சைப் போட்டதும் அது ஒழுங்குப் பிள்ளையாக ஓடும். நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் நின்றுவிடும்.

ஏன் இப்படி? என் முடிவு இதுதான்: நமக்கு அவசரம் என்பது பொருள்களுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆகவே, கலைக்கு இன்டர்வியூ என்றதும் நான் என்ன செய்தேன்? எல்லா விதிகளையும் முன்கூட்டியே முறியடித்துவிடுவது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கலை எம்.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். பையன் பிறந்ததும் நின்றுவிட்டாள். அவன் பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றோம். அவன் போனான்; என் அப்பா படுக்கையில் விழுந்தார். அவர் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றோம். இப்படியே ‘பிறகு’ நீண்டுகொண்டே போனது. போன வருடம் பையன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன கையோடு, அவளாகவே வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். பாதி இடங்களில் பதிலே இல்லை. மீதி இடங்களில் வயதைக் கேட்டுவிட்டு, “சொல்றோம் மேடம்” என்றார்கள். சொல்லவில்லை.

இந்த முறை கூப்பிட்டது ஒரு சென்னைக் கம்பெனி. மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கிற வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம்.

முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“என்னங்க... இத்தன வருசம் என்ன செஞ்சீங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

நான் கதை எழுதுகிறவன் அல்லவா? உடனே கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “குடும்ப நிர்வாகத்தின் பன்முகச் சவால்களை எதிர்கொண்டதன் வாயிலாக எனக்குக் கிடைத்த அனுபவம்...”

“நிறுத்துங்க. இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துரும்.”

சிரிக்கவில்லை. ஒரு போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “இதுவும் கெடைக்கலைன்னா இனிமே நான் எங்கயும் போடலங்க. போதும்” என்றாள்.

நான் எழுந்து போய் இன்வெர்ட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன்.

என் ஏற்பாடுகளைக் கேளுங்கள். இன்வெர்ட்டர் தயார். காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிட்டேன். காலை பத்து மணிக்கு மேல் குக்கருக்குத் தடை. கீரைக்கார அம்மாவிடம், “நாளைக்கு எங்க வீட்டு வாசல்ல மட்டும் கூவாதீங்க” என்று கேட்டுக்கொண்டேன். காளவாசல் கடைத்தெருவுக்குப் போய் காதில் மாட்டிக்கொள்ளும் புளூடூத் ஹெட்செட் ஒன்று வாங்கி வந்தேன். அங்கே பில் போட இரண்டு வரிசை. நான் நின்றது நகரவில்லை. பக்கத்து வரிசைக்கு மாறினேன். நான் விட்டு வந்தது ஓட ஆரம்பித்தது. அதை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்த விதி.

கலையின் தம்பி பாண்டி லேப்டாப் கொண்டு வந்தான். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். கழற்றிப் போட்ட பெல் ஒயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மச்சான், இது இன்டர்வியூவா எலெக்சனா? இம்புட்டு ஏற்பாடு பண்ணிருக்கீங்க?”

“மாப்ள, எது கெட்டுப்போகும்னு முன்கூட்டியே யோசிச்சு வச்சுட்டா எதுவும் கெடாது.”

“நல்லா இருந்தாச் சரித்தேன்” என்றான்.

ஒரே ஒரு கவலை பாக்கி. எதிர் வீட்டு முத்துராசு அண்ணன் வீட்டில் அதே வியாழக்கிழமை விசேஷம். மகன் வழிப் பேத்திக்குக் காதுகுத்து. தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். போய்க் கேட்டேன்.

“அண்ணே, சீர் எத்தனை மணிக்கு வருது?”

“தாய்மாமன் அவனியாபுரத்துலருந்து வாராப்ல. ஒம்பதரைக்கெல்லாம் சீரு வந்துரும் தம்பி. பத்து மணிக்குக் காதுகுத்து. பதினோரு மணிக்குப் பந்தியில உக்காந்துருவோம்.”

பந்தியில் மேளம் அடிக்க மாட்டார்கள். அப்பாடா என்று திரும்பினேன்.

வியாழக்கிழமை. ஒன்பதரை ஆனது. சீர் வரவில்லை. பத்து ஆனது. முத்துராசு அண்ணன் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டுப்பா இருக்கீங்க?”

ஸ்பீக்கரில் பதில் வந்தது. “இந்தா வந்துட்டோம் மாமா!”

நான் மணியைப் பார்த்தேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். ‘கிளம்பிட்டோம்’ என்றால் இன்னும் குளிக்கவில்லை. ‘இந்தா வந்துட்டோம்’ என்றால் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தாள் கலை. நீலத் திரை. ‘அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்’ என்றது. என்னையும் கலையையும் காலையிலேயே வந்துவிட்ட பாண்டியையும் பார்த்துப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு சதவீதமாக ஏறிக்கொண்டிருந்தது. பாண்டி அதை லேசாகத் தட்டினான். பட்டறைப் பழக்கம்.

“விடுடா. போன்லயே பேசிக்கிறேன்” என்றாள் கலை. ஹாலில் மேஜை மேல் கோதுமை மாவு டப்பா. அதில் போனைச் சாய்த்து வைத்து, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பாண்டியும் அடுக்களை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சரியாகப் பதினோரு மணிக்கு இணைப்பு வந்தது. திரையில் ஓர் அம்மா, ஓர் ஆள். கரண்ட் போகவில்லை. கீரைக்கார அம்மா கூவவில்லை. முதல் கேள்வி படிப்பைப் பற்றி. கலை தெளிவாகச் சொன்னாள். அடுத்து அந்த அம்மா கேட்டார்: “இவ்வளவு வருஷம் வேலைல இல்லையே... ஏன்னு சொல்ல முடியுமா?”

அந்த நொடியில்தான் குட்டியானை தெருவுக்குள் திரும்பியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாவு டப்பா மேலிருந்து போன் மெதுவாகச் சறுக்கியது. கலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. போர்வை மடித்தபோது பார்த்த அதே முகம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“நான் நிறுத்திட்டு வாரேன்” என்று பாய்ந்தேன்.

மேளக்காரர்களுக்கு நடுவில் போய் இரண்டு கையையும் மேலே தூக்கி, “தயவுசெய்து... தயவுசெய்து...” என்றேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. கையைத் தூக்கியவன் ஆட வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அடி இன்னும் வேகமானது. யாரோ என் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். யாரோ தோளில் துண்டு போட்டார்கள். ஓர் அம்மா, “சும்மாத்தான நிக்கிறீங்க, இதப் பிடிங்கண்ணே” என்று செவ்வாழைத் தாம்பாளத்தைத் தலையில் ஏற்றிவிட்டார். நான்கடி நடந்த பிறகுதான் உறைத்தது: நான் சீர் சுமந்துகொண்டிருக்கிறேன்.

புது விதி ஒன்று அங்கேயே பிறந்தது. ஊர்வலத்தை நிறுத்தப் போகிறவன் ஊர்வலத்தில் ஓர் ஆளாகிவிடுவான்.

அப்போது எங்கள் கேட் திறந்தது. கலை வெளியே வந்தாள். காதில் ஹெட்செட், உடம்பில் இன்டர்வியூவுக்கென்று கட்டிய பருத்திச் சேலை. என்னைத் தாண்டி நேராகப் போனாள். மேளக்காரர்களிடம் அல்ல. திறந்த ஜீப்பில் நின்று வந்த தாய்மாமனிடம். பெயர் காளி. ஜிப்பா, கூலிங் கிளாஸ், கழுத்தில் ஆட்டுக்கிடா போட்டிருந்ததை விடப் பெரிய மாலை.

“தம்பி, ஒரு நிமிசம் கீழ இறங்குங்க.”

உத்தரவும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நம் வீட்டு ஆளைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அவர் இறங்கிவிட்டார். கையைத் தூக்கினார். மேளம் நின்றது.

“என்னாக்கா?”

“காது குத்த எத்தன மணி வரைக்கும் நேரம் குறிச்சிருக்கு?”

“பதினொன்னரை வரைக்குந்தேன்.”

“இப்ப மணியப் பாருங்க. பந்தல் பக்கத்துலன்னாலும் நீங்க நின்னு நின்னு ஆடி வாரதுக்கே அரை மணி ஆகும். அப்புறம் இம்புட்டுத் தட்டு இறக்கணும். எப்பக் குத்துவீங்க?”

காளி வாட்சைப் பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

“அதுக்காக மேளம் இல்லாமச் சீரு இறக்குனா ஊரு என்னக்கா சொல்லும்? ஒத்தத் தங்கச்சி. அவ மகளுக்குச் செய்யிற மொதச் சீரு.”

அவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

“மேளம் வேணாம்னு யாரு சொன்னா?” என்றாள் கலை. “தோடும் பட்டுப்பாவாடையும் வச்ச தட்டு மட்டும் இப்ப உள்ள போகட்டும். புள்ளைய மடியில வச்சு, குறிச்ச நேரத்துல காது குத்துங்க. அது அழுது முடிக்கட்டும். பெறகு மெயின் ரோட்டுலருந்து முழுச் சீரையும் எடுத்து ஆடி வாங்க. இப்பத் தெருவுல யாரு இருக்கா? எல்லாம் வேலைக்குப் போயிருச்சு. பன்னெண்டரைக்குச் சாப்பாட்டுக்கு வருவாங்க. அப்ப வந்தாத்தான தாய்மாமன் சீர நாலு பேரு பாப்பாங்க? புள்ளையும் தோட்டப் போட்டுக்கிட்டு உக்காந்து பாக்கும்.”

பந்தலிலிருந்து அவர் தங்கை சங்கீதா குழந்தையோடு ஓடி வந்தாள். குழந்தை மேளச் சத்தத்தில் மிரண்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தது.

“அண்ணே, அக்கா சொல்றபடி செய்யிண்ணே. புள்ள நடுங்குது பாரு.”

காளி குழந்தையைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பிறகு மேளக்காரர்களிடம் திரும்பி, “அண்ணே, எல்லாரும் காப்பி சாப்பிடுங்க. பன்னெண்டரைக்கு மறுபடியும் அடிப்போம்” என்றார்.

தெரு அமைதியானது. முத்துராசு அண்ணன், “ஆத்தா, இது எங்களுக்குத் தோணாமப் போச்சே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கலை திரும்பி நடந்தாள். என்னைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள்.

“அந்தத் தட்ட எங்கயாச்சும் இறக்கி வைங்க.”

நான் இறக்கி வைத்துவிட்டு அடுக்களை வாசலுக்கு ஓடி வந்தபோது, அவள் போன் முன்னால் உட்கார்ந்து, “மன்னிக்கணும் மேடம், ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா ஹெட்செட்டில் ஏதோ சொல்ல, கலையின் கை அப்படியே காதுக்குப் போனது.

அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னாள். அந்த அம்மா சொன்னது இதுதான்: “கலைச்செல்வி, உங்க மைக் ஆன்லதான் இருந்துச்சு.”

எங்கள் வாசலுக்கு எதிரேதானே நின்று பேசினாள்? ‘ஒரு நிமிசம்’ என்று சொல்லி, மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துத்தான் எழுந்து வந்திருக்கிறாள்; ஹெட்செட் அங்கிருந்தே எல்லாவற்றையும் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அணைந்திருப்பதாக நாம் நினைக்கும் மைக் ஒருபோதும் அணைந்திருக்காது... இந்த விதியை நான் எப்படி மறந்தேன்?

திரையில் இருந்த ஆள் முன்னால் குனிந்தார். “காது குத்தியாச்சா மேடம்?” என்று கேட்டாராம்.

அதே நேரம் எதிர்ப் பந்தலிலிருந்து வீல் என்று ஓர் அழுகை.

“இப்பக் குத்திட்டாங்க சார்” என்றாள் கலை.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததை அவள் முகத்திலேயே பார்த்தோம். இறுகிப்போய் இருந்த தோள்கள் தளர்ந்தன. அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். நான் தயாரித்துக் கொடுத்த பன்முகச் சவால்கள் எதையும் கலை சொல்லவில்லை.

“பையன வளத்தேன் மேடம். மாமனார் படுக்கைல இருந்தாரு, கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டேன். கணக்கு ஒன்னும் மறக்கல. என்கிட்டக் கேக்கத்தான் ஆள் இல்ல.”

அடுக்களை வாசலில் பாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். என் அப்பா கடைசி நாட்களில் அவள் பெயரை மட்டும்தான் சரியாகச் சொல்வார். எனக்கு அது ஞாபகம் வந்தது.

பன்னிரண்டரைக்குச் சீர் மறுபடி வந்தது. தெருவே வாசலில் நின்றது. குழந்தை, சிவந்த காதில் தோடு மின்ன, மாமன் தோளில் உட்கார்ந்து பார்த்தது. காளி பாண்டியை இழுத்து ஆட வைத்தார். இந்தத் தடவை என்னிடம் யாரும் தட்டைக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் காத்திருப்பு. அந்த நாலைந்து நாட்களும் கலை போனை எப்போதும் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தாள். அது அடிக்கவில்லை. திங்கட்கிழமை, இரண்டு கையும் இட்லி மாவுக்குள் இருந்தபோது அடித்தது. வேறு எப்போது அடிக்கும்? நான் ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் பிடித்தேன். அதே அம்மா.

“பில் சரிபார்க்கிற வேலைக்கு வேற ஒருத்தர எடுத்துட்டோம் கலைச்செல்வி. அவங்களுக்குச் சமீபத்து அனுபவம் இருக்கு.”

கலை ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள். “பரவால்ல மேடம். சொன்னீங்களே, அதுவே சந்தோசம்” என்றாள்.

“இருங்க, முடிக்கல. எங்களுக்கு இன்னொரு டீம் இருக்கு. மருத்துவமனைக்காரங்க, பேஷண்ட் வீட்டுக்காரங்க... எல்லாரும் பதட்டத்துல, கோவத்துல கூப்பிடுவாங்க. அவங்ககிட்டப் பொறுமையாப் பேசி வழி சொல்லணும். மூணு மாசம் பயிற்சி. அப்புறம்தான் நிரந்தரம். உங்களால முடியுமா?”

“வீட்டுல பழக்கம் இருக்கு மேடம்” என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

போனை வைத்ததும் மாவுக் கையோடு நின்றாள். முழங்கையால் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள், எட்டவில்லை. நான் என் துண்டால் துடைத்துவிட்டேன். “மாவு புளிக்குது, தள்ளுங்க” என்றாள்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் விதிகள் எல்லாமே, எது எப்போது கெட்டுப்போகும் என்பதைத்தான் சொல்கின்றன. கெட்டுப்போன பிறகு என்ன செய்வது என்று ஒரு விதிகூட என்னிடம் இல்லை. நான் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் தெருவில் இறங்கினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கலை தினமும் ஹெட்செட்டோடு உட்கார்கிறாள். தெருவில் மேளம் போகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றைக்கு மட்டும் அவள் மேலதிகாரி முதல்முறையாக ஒரு புகார் சொன்னாராம்: “மேடம், உங்களுக்குப் பின்னால ஒருத்தர் எழுதி எழுதி சத்தமா வாசிச்சுக்கிட்டே இருக்காரே... அவரக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

இந்தப் பத்தியை வாயைத் திறக்காமல்தான் எழுதி முடித்திருக்கிறேன்.